உழைத்தவனுக்கே தலைமையா?

கூலிக்கு வேலை நடக்கிற இடத்தில் தலைவன் யார் என்ற கேள்விக்கு விடை எளிது. கூலி கொடுப்பவன் தலைவன். அவன் சொல் பிடிக்காதவன் கணக்கைத் தீர்த்துக்கொண்டு வேறிடம் போகலாம். ஆனால் கூலியே இல்லாத இடத்தில், பத்துப் பேர் மனமுவந்து கூடிச் செய்கிற பணியில், தலைவன் யார்?

இங்கேதான் ஒரு விந்தையைக் காண்கிறோம். சம்பளமில்லை; இலாபமில்லை; பங்கு பிரிக்கச் சொத்துமில்லை. அப்படியிருந்தும் கூலி வேலையில் காணாத பூசலைத் தொண்டு வேலையில் காண்கிறோம்! ‘பத்து வருஷமாக நான் உழைத்தேன், நேற்று வந்தவன் என்னைக் கேள்வி கேட்பதா?’ என்பார் ஒருவர். ‘உழைத்துவிட்டால் போதுமா? எங்களை மனிதர்களாக மதிக்க வேண்டாமா?’ என்பார் மற்றவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனாலேயே வழக்குத் தீர்வதில்லை.

நோன்புக் கஞ்சிக்கு அடுப்படியில் நின்றவர்களுக்கும், மதரஸா கட்ட வீடு வீடாக ஏறி வசூல் செய்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர் வழக்கை நாமே விசாரித்தால் கோபதாபங்கள் குறுக்கே வந்துவிடும். ஆகவே, தூரத்திலுள்ள ஒரு கூட்டத்தாரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே, பல நாடுகளில் இருந்துகொண்டு, உலகுக்கே பயன்படும் ஒரு பொருளைக் கூடிச் செய்தவர்கள் அவர்கள். அவர்களுக்குள்ளும் தலைமைப் பூசல் வந்தது. சில இடங்களில் அழகாகத் தீர்ந்தது. சில இடங்களில் பிளவில் முடிந்தது. இரண்டிலும் நமக்குப் பாடம் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத கைகள்

கணினியை இயக்குவது மென்பொருள். அது எப்படி இயங்க வேண்டும் என்று வரிவரியாக எழுதப்பட்ட கட்டளைகளுக்கு மூலநிரல் என்று பெயர். சமையலுக்குச் செய்முறை எப்படியோ, மென்பொருளுக்கு மூலநிரல் அப்படி. வியாபார நிறுவனங்கள் பல இந்தச் செய்முறையைப் பூட்டி வைத்துக்கொண்டு, சமைத்த பண்டத்தை மட்டும் விற்கின்றன. வேறு சிலரோ, ‘செய்முறையை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்’ என்று திறந்து வைத்தார்கள். இதையே திறமூல மென்பொருள் என்கிறோம்.

1991-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய ‘லினக்ஸ்’ இவ்வகையைச் சேர்ந்தது. நம் வீடுகளிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளம் அதுவே. 2017 நவம்பரில் வெளியான பட்டியலில், உலகின் மிக வேகமான 500 கணினிகளும் லினக்ஸ் கொண்டே இயங்கின. ஒரு மாணவர் இட்ட விதைக்குப் பல தேசத்தார் நீர் ஊற்றினார்கள். இன்று அப்பணியாளர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களில் ஊதியம் பெற்றே அதைச் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் தொடங்கி வளர்த்தது தொண்டுள்ளம்தான். இன்றும் உலகம் சாய்ந்து நிற்கும் சிறுசிறு மென்பொருள்கள் எத்தனையோ, ஓரிருவர் இரவில் கண்விழித்துச் செய்யும் தொண்டாலேயே நிற்கின்றன.

உழைப்பு என்னும் தராசு

இவர்கள் தமக்குள் யாரைப் பெரியவராகக் கொள்வது? குலம் தெரியாது, பணம் செல்லாது, பட்டத்தைக் கேட்பாரில்லை. முகமே தெரியாதவரை எதைக் கொண்டு எடைபோடுவது? செய்த வேலையைக் கொண்டுதான்.

அப்பாச்சி என்ற மென்பொருளின் வரலாறு இதற்கு நல்ல சான்று. இணையப் பக்கங்களைக் கேட்பவருக்கு எடுத்து வழங்கும் மென்பொருள் அது. அமெரிக்க ஆய்வு நிலையமொன்றில் பிறந்த பழைய நிரல் ஒன்று, அதை எழுதியவர் 1994-ல் விலகியதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் அவரவர் செய்திருந்த திருத்தங்களை 1995-ல் ஒன்றுசேர்த்தனர். கூடிய மூலவர்கள் 8 பேர். அவர்கள் வகுத்த முறை இது: புதியவர் முதலில் திருத்தங்களை அனுப்பலாம். அவை நன்றாக இருந்து, அவரும் நிலைத்து நின்றால், மூலநிரலில் தாமே கைவைக்கும் உரிமையைப் பெறுவார். மேலும் உழைத்தால் வாக்குரிமை கிடைக்கும். நிரலில் ஒரு மாற்றத்தை ஒரே ஒருவர் கூட மறுத்து நிறுத்திவிடலாம்; ஆனால் தக்க காரணம் காட்ட வேண்டும். காரணமில்லாத மறுப்பு செல்லாது.

எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! ‘யார் மகன்’ என்று கேட்காமல் ‘என்ன செய்தாய்’ என்று கேட்கும் சபையை யார்தான் விரும்பமாட்டார்கள்?

ஆயினும் தராசையும் ஒருமுறை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். நிரல் எழுதியவரின் வேலை வரி வரியாகப் பதிவாகிறது, எண்ணிச் சொல்லலாம். புதியவர்களின் சந்தேகங்களுக்குப் பொறுமையாகப் பதில் எழுதினாரே ஒருவர், அவருடைய வேலை? பயன்படுத்துவோருக்கு விளக்கக் குறிப்பு எழுதியவர், தம் தாய்மொழியில் பெயர்த்தவர், சண்டையிட்ட இருவரைச் சமாதானம் செய்தவர் — இவர்களின் வேலை எந்தக் கணக்கில் ஏறுகிறது? விருந்தில் பரிமாறியவனை எல்லோரும் பார்க்கிறார்கள். பின்கட்டில் பாத்திரம் துலக்கியவளை யார் பார்த்தார்கள்?

இன்னொன்றும் உண்டு. உழைக்க நேரம் வேண்டும். சம்பளத்தோடு இதே வேலையைச் செய்பவருக்கு நாள் முழுவதும் கிடைக்கிறது. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்காரும் தாய்க்கு ஒருமணி நேரம் கிடைத்தால் அதிகம். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தி, ‘பார், இவர் கூட உழைத்தார்’ என்றால் அது கணக்கில் சரி, நியாயத்தில் சரியா?

தகுதியாட்சி என்ற சொல்லைப் பரவச் செய்தவர் மைக்கேல் யங் என்ற பிரிட்டிஷ் சமூகவியல் அறிஞர். 1958-ல் அவர் எழுதிய நூல் புகழ்ச்சி அன்று, கிண்டல். தகுதியால் உயர்ந்தவர்கள், ‘இது எங்கள் உழைப்பால் வந்தது; எங்களுக்கே உரியது’ என்று செருக்குற்று, கீழே நிற்பவர்களை இரக்கமின்றி ஆள்வார்கள் என்பதே அவருடைய எச்சரிக்கை. உலகமோ அச்சொல்லைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது! 2001-ல் தம் முதுமையில் அதற்காக வருந்தி எழுதினார் அவர். பரம்பரைச் செல்வன், தன் செல்வம் தற்செயலாகக் கிடைத்தது என்றாவது உள்ளூர அறிவான். தானே சம்பாதித்தவனுக்கு அந்தக் கூச்சமும் இருப்பதில்லை. உழைப்பின் பெருமைக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து இதுவே.

மறைவான கூலி

தொடக்கத்தில் கண்ட விந்தைக்கு இப்போது விடை காணலாம். தொண்டு வேலையில் பூசல் கடுமையாக இருப்பது ஏன்? அங்கே கூலி இல்லை என்று எண்ணியதுதான் நம் தவறு. கூலி உண்டு! காசாக இல்லை, மதிப்பாக இருக்கிறது. ‘இவர் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது’ என்று நாலுபேர் சொல்வதே அந்தக் கூலி. அது எங்கும் எழுதப்படுவதில்லை, தேதிபோட்டுக் கொடுக்கப்படுவதுமில்லை. தொண்டரே மனத்துக்குள் கணக்கு எழுதி வருகிறார். ஒருநாள் தலைமை இன்னொருவருக்குப் போகும்போது, பல வருஷக் கூலியை மொத்தமாகப் பறித்துக்கொண்டதாக அவருக்குத் தோன்றுகிறது.

அவரை எளிதாகப் பழித்துவிட வேண்டாம். நன்றி சொல்லப்படாத உழைப்பு உண்மையிலேயே வலிக்கும். ஆனால் நன்றி வேறு, அதிகாரம் வேறு. நன்றி சென்ற காலத்துக்கு உரியது. அதிகாரம் வருங்காலத்துக்கு உரியது. முன்னர் உழைத்தவருக்கு நன்றியும் மரியாதையும், அவர் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமையும் நாம் பட்ட கடன். அந்தக் கடனை அதிகாரமாகத் திருப்பிக் கொடுக்க முயன்றால், நேற்றைய கணக்கைத் தீர்க்க நாளைய பிள்ளைகளின் பொருளை எடுத்துக் கொடுத்தவர்களாவோம்.

உழைப்பு கடுஞ்சொல்லுக்கு அனுமதிச்சீட்டும் அன்று. லினக்ஸின் தலைவர் டோர்வால்ட்ஸின் திறமையை யாரும் ஐயுற்றதில்லை. ஆனால் பிழை செய்தவர்களைக் கடிதங்களில் அவர் சாடிய விதம் பலரைப் புண்படுத்தியது. ‘அவ்வளவு உழைத்தவர், அப்படித்தான் பேசுவார்’ என்று வெகுகாலம் பொறுத்தார்கள். 2018 செப்டம்பரில் அவரே எல்லோரும் காண மன்னிப்புக் கேட்டு, பிறர் உணர்ச்சிகளைப் புரிந்துகொள்ள உதவி நாடப்போவதாகச் சொல்லிச் சிறிது காலம் ஒதுங்கினார். அந்நாட்களில் இன்னொருவர் பணியை நடத்தி, புதிய பதிப்பும் உரிய முறையில் வெளிவந்தது. அக்டோபரில் அவர் திரும்பி வந்தார். தலைவர் மன்னிப்புக் கேட்டதால் லினக்ஸ் சரிந்துவிடவில்லை!

பிரிவும் சேர்க்கையும்

திறமூலத் தொண்டில் ஒரு விசேஷம் உண்டு. செய்முறை எல்லோருக்கும் பொதுவாகையால், தலைமை பிடிக்காதவர்கள் அதைப் பிரதியெடுத்துக்கொண்டு தனியே போய்ப் பணியைத் தொடரலாம். யாரும் தடுக்க முடியாது. ஆகவே அங்கே தலைவனின் ஆட்சி, மற்றவர்கள் தங்கியிருக்கும் மட்டும்தான்.

நெட்பிஎஸ்டி என்ற திட்டத்தை 1993-ல் தொடங்கிய நால்வரில் தியோ டி ராட் ஒருவர். மற்றவர்களோடு பழகும் முறையில் கடுமையானவர் என்ற குறையைக் கூறி, 1994 டிசம்பரில் ஏனையோர் அவரை விலகச் செய்தனர். நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தது, இணக்கம் வரவில்லை. 1995-ல் அவர் ஓபன்பிஎஸ்டி என்ற தனித் திட்டத்தைத் தொடங்கினார். தூரத்திலுள்ள கணினியைப் பத்திரமாக அணுக உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற மென்பொருள் 1999-ல் அங்கிருந்தே வந்தது. அது உலகமெங்கும் பரவியது.

மற்றொரு சான்று. ஜிசிசி என்பது, மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தரும் ஒரு கருவி. அதன் பொறுப்பாளர்கள் புதுத் திருத்தங்களை ஏற்கச் சுணங்குகிறார்கள் என்று 1997-ல் ஒரு குழுவினர் தனியே பிரிந்தனர். பிரிந்தவர்களின் வேலை சிறந்தது. மூலத் திட்டத்துக்கு உரியவர்கள் என்ன செய்தார்கள்? 1999 ஏப்ரலில், பிரிந்தவர்களின் பதிப்பையே அதிகாரபூர்வமான ஜிசிசியாக ஏற்று, பராமரிக்கும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுத்தார்கள்! ‘எங்களை விட்டுப் போனவர்கள்தாமே’ என்று மானப்பிரச்சினை ஆக்கியிருந்தால் இரண்டும் நலிந்திருக்கும். பணி பெரிதா, தம் பெயர் பெரிதா என்ற கேள்விக்கு அவர்கள் செயலால் விடை சொன்னார்கள்.

பிரிவு எப்போதும் பாவமன்று. ஆனால் எளிதில் பிரிய முடிவதாலேயே எடுத்ததற்கெல்லாம் பிரிந்தால், பத்துப் பேர் கூடி இழுக்க வேண்டிய தேர் பத்துத் துண்டாகக் கிடக்கும். பிரியும் உரிமை தலைவனுக்குக் கடிவாளம். பிரியாமல் பேசித் தீர்க்கும் பொறுமை தொண்டனுக்கு அழகு.

பொய்த் தொண்டன்

உழைப்பே தகுதி என்று நம்பியிருந்தவர்களைத் திடுக்கிட வைத்த நிகழ்ச்சி 2024-ல் நடந்தது. கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவும் எக்ஸ்இஸட் என்ற மென்பொருளைப் பல வருஷமாக ஒரே தொண்டர் பராமரித்து வந்தார். 2021-ல் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் வந்தார். நல்ல திருத்தங்களை அனுப்பினார், பணிவாகப் பேசினார். 2022-ல் வேறு சில பெயர்களில், ‘வேலை தாமதமாகிறது, பொறுப்பை வேறொருவருக்குக் கொடுங்கள்’ என்று பராமரிப்பாளரை நெருக்கினார்கள். தாம் நெடுநாள் மனநலக் குறைவோடு போராடி வருவதையும், இது ஊதியமில்லாத பணி என்பதையும் அம்மனிதர் சொல்லிப் பார்த்தார். நெருக்குதல் நிற்கவில்லை. கடைசியில் பொறுப்பில் ஜியா டானுக்குப் பங்கு கொடுத்தார். அந்த நெருக்குதலும் சூழ்ச்சியின் ஒரு பகுதியே என்று அறிந்தவர்கள் பிற்பாடு கருதினார்கள்.

2024 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பில் ஒரு கள்ளச்சாவி மறைக்கப்பட்டிருந்தது! லினக்ஸ் கணினிகள் பலவற்றில், மேலே சொன்ன ஓபன்எஸ்எஸ்ஹெச் வாசல் வழியாகத் திருடன் உள்ளே புக வழிசெய்வது அது. ஆன்ட்ரேஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். அற்பம் என்று விட்டுவிடாமல் துருவினார். மார்ச் 29-ஆம் தேதி உண்மை வெளிப்பட்டது, பெருங்கேடு தவிர்ந்தது.

சிந்தித்துப் பாருங்கள்! இரண்டு வருஷத்துக்கு மேல் செய்த வேலை பொய்யன்று. திருத்தங்களில் பெரும்பாலானவை பயனுள்ளவையே. பொய்யாக இருந்தது நிய்யத்து. மனிதர்கள் செயலைத்தான் பார்க்க முடியும். உள்ளத்தை அறிபவன் இறைவன் ஒருவனே. அப்படியானால் யாரையும் நம்பக் கூடாதா? அதுவன்று பாடம். உழைப்பைக் கண்டு நம்பிக்கை வைப்பதே மனித இயல்பு. ஆனால் அந்த நம்பிக்கை முழுவதையும் ஒரே ஆளிடம் குவித்து, அவரைப் பார்த்துக்கொள்ள யாருமில்லாமல் விடுவது நம்பிக்கையன்று, அலட்சியம். களைத்துப்போன அந்தப் பழைய தொண்டரின் தோளில் கைபோட, அவர் பயனை அனுபவித்த உலகத்தில் நல்லவர் ஒருவரும் முன்வராமல் போனார்களே! அந்த வெற்றிடத்தில்தான் திருடன் நுழைந்தான். ‘ஏன் தாமதம்’ என்று கேட்க வருகிறவர்கள் பலர். ‘நான் ஒருபுறம் பிடிக்கட்டுமா’ என்று கேட்பவர் சிலரே.

தலைமை சொத்தா, அமானிதமா?

இனி வழக்கின் தீர்ப்புக்கு வருவோம். 1993-ல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற திட்டத்தில், 1998-ல் ஏற்ற சாசனப்படி, தலைவரை உறுப்பினர்கள் வருஷந்தோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டுச் சீட்டில் ‘இவர்களில் எவரும் வேண்டாம்’ என்பதற்கும் ஓர் இடமுண்டு. தலைவர் எடுத்த முடிவை உறுப்பினர்கள் கூடி மாற்றலாம். எல்லாவற்றிலும் அழகான விதி ஒன்று: எந்த வேலையையும் செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்த அச்சாசனம் இடம் தரவில்லை. செய்ய மனமில்லாதவர் செய்ய வேண்டாம். முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராகக் குழிபறிக்காமல் இருந்தால் போதும். ஏவ முடியாத தலைவர்! அவர் கையிலுள்ள ஆயுதம் இணங்க வைக்கும் சொல் ஒன்றே.

பைத்தான் என்ற நிரல்மொழியின் கதை இன்னும் உருக்கமானது. கீடோ வான் ராசம் என்ற டச்சுக்காரர் 1989 டிசம்பரில், ஆம்ஸ்டர்டாமில் அதை எழுதத் தொடங்கினார். கருத்து வேறுபாடு எழுந்தால் கடைசித் தீர்ப்பு அவருடையது. ‘ஆயுட்காலக் கருணைமிகு சர்வாதிகாரி’ என்று அவரை வேடிக்கையாக அழைத்தார்கள். 2018-ல் மொழியில் ஒரு சிறு குறியீட்டைச் சேர்ப்பது பற்றிக் கடும் வாதம் மூண்டது. அவர் தீர்ப்புச் சொன்னார், வென்றார். ஆனால் வாதத்தின் கசப்பு அவரைச் சோர வைத்தது. அந்த ஜூலை 12-ல் பொறுப்பைத் துறந்தார்.

தோற்று இறங்குவது உலக வழக்கு; இவரோ வென்ற பின் இறங்கினார். அதைவிடப் பெரிது, தமக்குப் பின் இன்னாரென்று யாரையும் நியமிக்க மறுத்தார். எப்படி ஆளப்பட வேண்டும் என்பதை நீங்களே கூடி முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்கள் பல திட்டங்களை எழுதி வாக்கெடுத்து, 5 பேர் கொண்ட வழிகாட்டுக் குழுவை ஏற்றார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் அதில் இருக்கலாகாது. மூன்றில் இரண்டு பங்கினர் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தால் இறங்க வேண்டும். தன் அதிகாரத்தைக் கூடியவரை குறைவாகவே பயன்படுத்த வேண்டும் என்பதும் விதி. 2019-ல் தேர்வான முதல் குழுவில் மற்றவர்களைப் போல ஓர் உறுப்பினராக வான் ராசமும் அமர்ந்தார். அடுத்த தேர்தலில் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பைத்தான் நின்றுவிடவில்லை, வளர்ந்தே வருகிறது.

‘உழைத்தவனுக்கே தலைமையா?’ என்ற கேள்விக்கு நம் விடை இதுதான். உழைப்பு நம்பிக்கையைச் சம்பாதித்துத் தரும். உரிமைப் பத்திரத்தைச் சம்பாதித்துத் தராது. தொண்டில் தலைமை என்பது பிறர் நம்மிடம் வைத்த அமானிதம். கேட்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை குறையாமல் காக்க வேண்டும். அமானிதப் பெட்டியைப் பல வருஷம் தூக்கிச் சுமந்ததாலேயே அது நம் பெட்டியாகிவிடுமா?

உழைக்காதவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. பெட்டியைச் சுமந்தவரின் தோள் தழும்பைப் பாராமல் பிடுங்குவது கொடுமை. இறங்குகிறவருக்கு மரியாதையான வழி விட்டு, கையைப் பிடித்து இறக்கி, பக்கத்தில் அமர வைப்பது மற்றவர்களின் கடமை.

தம் பணியின் தலைமையில் இருப்பவர்கள் இன்றிரவு தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: ‘நாளை நான் விலகினால் இந்தப் பணி நடக்குமா?’ நடக்காது என்றால் அது பெருமைப்பட வேண்டிய விடையன்று. இத்தனை காலம் உழைத்தும், ஒருவரையும் உருவாக்காமல் விட்டோம் என்பதே அதன் பொருள். நடக்கும் என்றால், அதுவே தொண்டனுக்குக் கிடைத்த நிறைந்த கூலி.